ஜெபமணியின் தொண்டை

ஒன்பது மணிக்கு உள்ளே இறக்கிப் பட்டை போட்டு இறுக்கிவிட்டார்கள். பதினொரு மணிக்குத்தான் அவிழ்ப்பார்கள். நடுவில் சைரன் ஊதினால் இரண்டு நிமிஷத்துக்குள் வானத்தில் இருக்கவேண்டும், ஊதாவிட்டால் உட்கார்ந்த இடத்திலேயே விறைத்துக் கிடக்கவேண்டும், இதற்குத் தயார் நிலை என்று பெயர். இளவழகனுக்கு இருபத்தொரு வயது. இந்தச் சின்னப் போர் விமானத்துக்குள் அவன் உட்கார்ந்திருந்தான் என்று சொல்வதைவிட அதை இடுப்பில் மாட்டியிருந்தான் என்று சொல்லலாம், வேறு யாருக்கோ தைத்த கால்சட்டை மாதிரி இரண்டு பக்கமும் தொடையைப் பிடித்தது. எல்லையோரத்து டிசம்பர்ப் பனி ஓடுபாதையின் பாதியை விழுங்கிவிட்டு மீதியை மென்றுகொண்டிருந்தது. மூக்கு நுனி இன்னும் இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தான், இருந்தது. மணி ஒன்பது இருபது. பதினொரு மணிக்கு ஜெபமணி சார் கையெழுத்துப் போடுவார். நான்தான் சொன்னேன், என் குரல்தான், என் உத்தரவைக் கேட்டுத்தான் நாச்சியப்பன் செத்தான் என்று மூன்று நகல் தட்டச்சு செய்து கொடுத்திருக்கிறார்கள், அடியில் பேர் எழுதவேண்டியதுதான் பாக்கி, அப்புறம் ராணுவ நீதிமன்றம், நெஞ்சில் தைத்த விமானி இறக்கையைப் பிரித்தெடுப்பது, பதினாறு வருஷ சர்வீஸ், போச்சு. சொன்னது அவர் இல்லை. சொன்னது யாரென்று இந்த உலகத்தில் ஒரே ஒரு ஆளுக்குத் தெரியும். அந்த ஆளைப் பட்டை போட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள், எழுந்து போய்ச் சொல்ல வழியில்லை. எவ்வளவு வசதி.

கீழே இறக்கைக்கு அடியில் மெக்கானிக் ஏகாம்பரம் கோணிப்பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு குந்தியிருந்தார். ஆரணிக்காரர், பேச்சுத்துணைக்கு ஆள் கிடைத்தால் விடமாட்டார். "சார், டீ கொண்டாரட்டா?" என்றார். "வேணாம்" என்றான். "அதுவும் கரெக்ட்டுதான். குடிச்சா ஒண்ணுக்கு வரும். இதெல்லாத்தையும் அவுத்து முடிக்கிறதுக்குள்ள சண்டையே முடிஞ்சி சமாதானம் ஆயிடும் சார்." தானே சொல்லித் தானே சிரித்தார், சிரிப்பு முடியும்போது மூக்கால் ஒரு இழுப்பு இழுத்தார், அந்த இழுப்பை இளவழகனின் தொண்டை உடனே பிடித்து உள்ளுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தது. அவன் கேட்கவில்லை, அது தன்னால் செய்யும். பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எட்டு வயசிலேயே செய்யும். ஒர்க்‌ஷாப் ஃபோர்மேன் குரலில் சுவருக்கு இந்தப் பக்கம் நின்று 'எல்லாரும் வூட்டுக்குப் போங்கப்பா, மெஷின் ரிப்பேர்' என்றான், முப்பது ஆள் டிபன் கேரியரைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள், அதில் அப்பாவும் ஒருத்தர். சாயந்திரம் அப்பா பெல்ட்டால் விளாசினார், ஒவ்வொரு அடிக்கும் நடுவில் அப்பா மூச்சு வாங்கிய விதம் இருக்கிறதே, ஹக், ஹக், ஹக், அடி வாங்கிக்கொண்டே அதையும் மனப்பாடம் செய்து மறுநாள் பள்ளிக்கூடத்தில் செய்து காட்டினான், பையன்கள் உருண்டார்கள். வலித்ததா? வலித்தது. ஆனால் மூச்சு நன்றாக வந்தது. ஒன்பது நாற்பது. சொல்லிவிடலாம். ஏகாம்பரத்திடம் சொன்னால்கூடப் போதும், சி.ஓ.வைக் கூப்பிடுங்க, அவசரம்னு சொல்லுங்க, அவ்வளவுதான், வாயைத் திறந்தால் ஆச்சு. வாயைத் திறந்தான். "ஏகாம்பரம்." "சார்?" "டீ வேணாம்." "அதான் சொன்னீங்களே சார்."

தமிழால் வந்த வினை. ரேடியோவில் இங்கிலீஷ் பேசினால் அந்தப் பக்கத்துக்காரனுக்குப் புரியும், இந்தி பேசினாலும் புரியும், பஞ்சாபியென்றால் அவன் நம்மைவிட நன்றாகப் பேசுவான். சண்டை ஆரம்பித்த இரண்டாம் நாள் அவன் ஆள் ஒருத்தன் நம் கட்டுப்பாட்டு அறை மாதிரியே இந்தியில் 'எல்லாரும் திரும்பி வாங்க' என்று உத்தரவு போட்டு, நம் விமானம் நாலைக் குண்டோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டான். படைப்பிரிவின் பெரிய அதிகாரி சி.ஓ. மேஜையைக் குத்தினார், பஞ்சாபித் தொந்தி மேஜைக்கு முன்னால் குலுங்கியது. 'என் மதராஸிகள் எங்கே? மூன்று பேர் இருக்கிறீர்களே, இனிமேல் மூன்று பேரும் ஒன்றாகப் பறங்கள், உங்கள் கடபுட பாஷையில் பேசுங்கள், எவன் கேட்கிறான் பார்க்கிறேன்.' அப்படித்தான் ஜெபமணி தலைவர், நாச்சியப்பன் இரண்டு, இளவழகன் மூன்று. சட்டம் ஒன்றே ஒன்று. தமிழில், ஜெபமணியின் குரலில் வந்தால் அது உத்தரவு. மற்றதெல்லாம் வெறும் சத்தம். ஜெபமணி நாகர்கோவில் பக்கம், ஒட்டிய கன்னம், ஞாயிற்றுக்கிழமை தப்பாமல் கீர்த்தனை, முள்முருங்கை மாதிரி ஒரு குரல். 'ஒனக்கப் பொறத்தால ஆளு நிக்கான்னு நான் சொன்னா, ஏது, எப்படி, எவன்னு யோசிக்கப்படாது. யோசிச்சா செத்த. எனக்க சத்தம் கேட்ட ஒடனே கை போணும் மக்கா, மூளை பொறத்தால மெதுவா வரட்டு.' நாச்சியப்பனுக்கு இது வேதவாக்கு. தேவகோட்டைக்காரன், உருண்டைக் கன்னம், இந்தக் குளிரிலும் தலைக்கு எண்ணெய், சிரித்தால் விக்கல் வந்துவிடும். சொன்னதைச் செய்வதில் அவனைப்போல ஒருத்தன் கிடையாது. நில் என்றால் நிற்பான். வெட்டு என்றால் வெட்டுவான்.

அக்டோபரில் இளவழகன் அந்தக் குரலை ஒரு தடவை செய்திருந்தான். சண்டை வருவதற்கு முன்னால், பயிற்சிப் பறத்தலில், இருபதாயிரம் அடி உயரத்தில், வெயில் பளபளவென்று அடித்த ஒரு மத்தியானம். ஜெபமணியின் தொண்டையை மாட்டிக்கொண்டு, ரெண்டு, எடத்த வெட்டுடே என்றான். நாச்சியப்பன் சடக்கென்று இடது பக்கம் சாய்ந்து சுழன்றான், சுழன்று சுழன்று வாலுக்குப் பின்னால் இல்லாத எதிரியைத் தேடினான், தன் வாலைத் தானே துரத்துகிற நாய்க்குட்டி. இறங்கி விஷயம் தெரிந்ததும் நாச்சியப்பன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்து, விக்கல் நிற்காமல் தண்ணீர் குடித்து, "டேய் பெரம்பூரு, ஒன்னய மாதிரி ஒருத்தன் எங்க ஊர்ல இருந்தா கல்யாணத்துக்கு மேளமே வேணாம்டா" என்றான். ஜெபமணி சிரிக்கவில்லை. பாரசூட் மூட்டையை முதுகில் கட்டிவிட்டு ஓடுபாதையைச் சுற்றிவரச் சொன்னார். மூன்றாவது சுற்றில் நாக்கு தள்ளி நின்றபோது பக்கத்தில் வந்து, "எனக்க தொண்டைய எனக்கே விட்டுருடே" என்றார். "செரி மக்கா" என்றான் இளவழகன், அவர் குரலிலேயே. ஜெபமணி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார், தோள் குலுங்கியது. அந்தக் குலுங்கலில் தப்பு இருக்கிறது. அன்றைக்கு அவர் சிரிக்காமல் இருந்திருந்தால். ஆஹா, பிரமாதம், கடைசியில் அவர் மேலேயே பழி போட்டாயிற்று, இளவழகா, நீ கெட்டிக்காரன், இன்னொரு தடவையும் அவரை மாட்டிவிட்டாய்.

நாச்சியப்பன் செத்து நாலு நாள் ஆகிறது. சாயந்திரம் நாலு மணி, அன்றைக்கு மூன்றாவது சுற்று, குண்டு போட்டுவிட்டுத் திரும்புகிறார்கள். எதிரியின் ரேடார் கண்ணில் படாமல் இருக்கக் கரும்புத் தோட்டத்தை உரசிக்கொண்டு, மூன்று தென்னை உயரம்கூட இருக்காது. கால்வாய் தாண்டியாயிற்று, கால்வாய்க்கு இந்தப் பக்கம் நம் மண். கை கால் முழுசாக இருக்கிறது என்ற சந்தோஷம் இருக்கிறதே, அது ஒரு அரிப்பு, உள்ளங்காலில் தொடங்கி மேலே ஏறும், எங்கே சொறிவதென்று தெரியாது. முன்னால் வலது பக்கம் நாச்சியப்பனின் தலைக்கவசம் தெரிந்தது, ஏதோ பாட்டுக்குத் தாளம் மாதிரி ஆடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான். அந்தத் தலை ஆடியதுதான் காரணம், வேறொன்றும் இல்லை, கோர்ட்டில் கேட்டால்கூட வேறு காரணம் சொல்ல முடியாது. இடது கைப் பிடியில் கட்டைவிரலுக்கு அடியில் ரேடியோப் பொத்தான் இருக்கிறது. விரல் போய்விட்டது, மூளை பின்னால் மெதுவாக வந்துகொண்டிருந்தது. ரெண்டு! ஒனக்கப் பொறத்தால ஆளு! எடத்த வெட்டுடேஏ! நாச்சியப்பன் வெட்டினான். ஏன் என்று கேட்கவில்லை, எவ்வளவு உயரம் என்று பார்க்கவில்லை, எவ்வளவு நல்ல பிள்ளை. இடது இறக்கை கீழே போனது, கீழே கரும்பு இருந்தது, கரும்புக்குள் தரை இருந்தது. அப்புறம் ஒரு விமானம் குட்டிக்கரணம் போடுவதைப் பார்த்தான், ஒன்று, இரண்டு, மூன்றாவதில் அது விமானமாக இல்லை. கொடுமை என்னவென்றால் சிரிப்பு அதற்கு முன்பே கிளம்பிவிட்டது. வயிற்றிலிருந்து புறப்பட்ட சிரிப்பைத் திருப்பி அனுப்ப முடியாது. எரிகிற கரும்புக்கு மேலாக அவன் பறந்து போனபோது ஆக்சிஜன் முகமூடிக்குள் சிரித்துக்கொண்டிருந்தான், பொத்தானிலிருந்து விரலை எடுத்திருந்தான், ஆகவே யாருக்கும் கேட்கவில்லை.

இறங்கினார்கள். மூன்று போய் இரண்டு வந்தது. ஜெபமணி ஏணியில் இறங்கி நேராக அவனிடம் நடந்து வந்தார். "நீயாடே?" என்றார். அவருக்குத் தோன்றாமல் இருக்குமா, அக்டோபர் அவருக்கும் ஞாபகம் இருக்கும். இளவழகன் இல்லை சார் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். இல்லை சார் என்பது பொய், சாதாரணப் பொய், பள்ளிக்கூடத்துப் பொய். அவன், "நீங்கதான் சார்" என்றான். ஜெபமணி ஒரு அடி பின்னால் வைத்தார். "நானா?" "ஆமா சார். உங்க குரல்தான் சார்." இதில் பொய் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். விமான ரேடியோவில் பேசினால் பேசுகிறவன் குரல் அவன் காதிலேயே விழும், எப்போதும் அப்படித்தான், சொன்னதும் கேட்டதும் ஒரே குழாயில் வரும். மூன்று நாள் தூக்கமில்லாத மனுஷன், அந்த நேரத்தில் வெயிலில் ஏதோ மின்னியதைப் பார்த்துச் சொல்லலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த மனுஷன், தன் குரலைத் தன் காதில் கேட்டிருக்கிறார். பின் யார் சொன்னது? அவர் கண்ணுக்குள் அந்தக் கணக்கு ஓடி முடிந்ததை இளவழகன் பார்த்தான். மறுநாள் விசாரணைக்கு வெளித்தளத்திலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், ஒருத்தருக்குத் தமிழ் தெரியாது, இன்னொருத்தருக்குத் தமிழும் தெரியாது ஜலதோஷமும் பிடித்திருந்தது. உத்தரவைக் கேட்டாயா? கேட்டேன் சார். யார் குரல்? தலைவர் குரல், சார். அதை இங்கிலீஷில் மொழிபெயர்த்துச் சொல். சொன்னான், ஜலதோஷக்காரர் எழுதிக்கொண்டார், எழுத எழுத அவர் உறிஞ்சிய உறிஞ்சலை இவன் தொண்டை எழுதிக்கொண்டது. வெளியே வந்து கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்தி, ஒரு தடவை செய்து பார்த்தான். அசல். பிறகு வாந்தி எடுத்தான். இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று தெரியவில்லை.

பத்து இருபது. முந்தாநாள் நாச்சியப்பனுக்கு வீட்டிலிருந்து ஒரு தகர டப்பா வந்தது. தந்தி போய்ச் சேருவதற்கு முன்னால் அஞ்சலில் போட்டது. அலுவலக அதிகாரி என்ன செய்வதென்று தெரியாமல், உங்கள் பாஷைக்காரனுடையது என்று இவன் கையில் கொடுத்தார். உள்ளே சீப்புச் சீடை. மேலே ஒரு கடுதாசி, அவன் ஆத்தா எழுதியது. 'ஒன்னச் சிரிக்க வக்கிற பெரம்பூர்ப் புள்ளைக்கும் கொஞ்சம் குடு, மொத்தத்தையும் நீயே திங்காதே, குளுருக்கு ஒடம்பப் பாத்துக்க.' அந்த அம்மாள் குரலை இவன் கேட்டதே கிடையாது. ஆனாலும் படித்து முடிப்பதற்குள் குரல் வந்துவிட்டது, மூக்குத்தி உரசுகிற மாதிரி ஒரு குரல், நாச்சியப்பனின் விக்கலைக் கொஞ்சம் கலந்து தொண்டையே தயார் செய்துவிட்டது. சீடையைத் தின்றான். நன்றாக இருந்தது. நன்றாக இருந்ததை மன்னிக்க முடியவில்லை, ஆனாலும் டப்பா காலி. சரி, சொல்லிவிடலாம். சொல்வது எப்படி? ஒத்திகை பார்த்தான். சி.ஓ. குரலில், 'ஜென்டில்மென், அது நான்.' கம்பீரமாக இருக்கிறது, சரிப்படாது. அப்பா மாதிரி மூச்சு வாங்கிக்கொண்டு, நான்தான் ஹக் சார் ஹக். சிரிப்பு வருகிறது. ஜலதோஷத்தோடு. ஏகாம்பரத்தின் மூக்கு இழுப்போடு. இளவழகன் குரலில்? அது எப்படி இருக்கும்? நாலு நாளாக இல்லை சார், ஆமா சார், வேணாம் என்பதைத் தவிர அந்தக் குரலில் ஒன்றும் பேசவில்லை, எடுத்துப் பார்த்தான், மெலிசாக, யாரோ தெருமுனையில் கூப்பிடுவது மாதிரி. சைரன் ஊதினால் நல்லது. மேலே போனால் எவனாவது வருவான், சுட்டால் நல்லது. நீங்களே சொல்லுங்கள், சாகத் தயாராக இருக்கிற ஆளுக்கு ஒரு வாக்கியம் சொல்ல என்ன கேடு? சாவது சுலபம் சார், நெருப்பு பார்த்துக்கொள்ளும். வாக்கியத்தை நாம்தான் சொல்லவேண்டும்.

பனிக்குள்ளிருந்து ஒரு ஆள் வந்தான். பறக்கிற உடுப்பு இல்லை, நீல யூனிபாரம், டை, பளபளத்த பூட்ஸ், கையில் மடித்த காகிதம். மணி பத்து நாற்பது, வந்தது ஜெபமணிதான். ஏகாம்பரம் கோணிப்பையை உதறிவிட்டு எழுந்து நின்றார். ஜெபமணி ஏணியில் ஏறி, விமானத்தின் விளிம்பில் முழங்கையை ஊன்றி, பக்கத்து வீட்டுச் சுவரில் சாய்ந்து பேசுவது மாதிரி நின்றார். சவரம் செய்த இடத்தில் இரண்டு வெட்டு.

"என்னடே, வெறைச்சுப் போனியா?"

"இல்ல சார்."

"பதினோரு மணிக்கு வண்டி வருது. இதுல கையெழுத்துப் போட்டுக் குடுத்துட்டு அந்தால ஏறிப் போணும். அதுக்கு முன்ன ஒரு காரியம் கேக்கலாம்னு வந்தேன்." காகிதத்தால் விளிம்பைத் தட்டினார். "நாலு நாளா உறக்கம் இல்ல மக்கா. பொத்தான அமுக்கினது ஓர்மை இருக்கு. வெரலு அமுங்கினது இப்பவும் தெரியுது. வாயத் தொறந்தது மட்டும் ஓர்மைல வரமாட்டேங்கு. நீ கேட்டல்லா? அத அப்படியே சொல்லிக் காட்டு. எனக்க சத்தத்துலயே. ஒன்னால முடியும்."

அமுக்காத பொத்தானை அவர் விரலுக்குள் வைத்ததும் நான்தான், என்று இளவழகன் நினைத்தான், நாலு நாளில் அது அங்கே வேர் விட்டிருக்கிறது. பிறகு, கதவு திறக்கிறது, என்று நினைத்தான். எழுந்து போகவேண்டாம், வாக்கியம் தேடவேண்டாம், கொலை செய்த வாக்கியமே போதும். அதை அன்றைக்குச் சொன்ன மாதிரியே சொன்னால் அவர் காது கண்டுபிடித்துவிடும், கீர்த்தனை பாடுகிற காது. முகமூடியை ஒதுக்கினான். அவர் முகத்துக்கு ஒரு முழ தூரத்தில், அவர் குரலில், சொன்னான். "ரெண்டு! ஒனக்கப் பொறத்தால ஆளு! எடத்த வெட்டுடேஏ!"

கீழே ஏகாம்பரம் மூச்சை இழுத்தது கேட்டது. ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். மூடிய கண்ணுக்குள் என்னவோ உருண்டது. திறந்தபோது நெற்றி சுருங்கியிருந்தது.

"நீட்டுறியே."

"சார்?"

"கடைசில அந்த 'டே'ய நீட்டுற. நான் நீட்டமாட்டேன்டே, அறுத்துப் போடுவேன். அண்ணைக்கும் எனக்கக் காதுல நீண்டுதான் விழுந்துது. அந்த ஒண்ணுதான் என்னைய உறங்க விடல்ல. அண்ணைக்கு நெசமாவே நீண்டுதா, இல்ல நீ இப்ப நீட்டினியா? அவசரம் இல்ல. நல்லா ஓர்மிச்சு இன்னொரு தடவ சொல்லு."

நீண்டது சார். நீண்டது ஏனென்றால் அதற்குள் சிரிப்பு ஏறிவிட்டது, சிரிப்பு ஏறிய தொண்டையில் அந்த எழுத்து வழுக்கிக்கொண்டு போகும், உங்கள் தொண்டையில் சிரிப்பு இல்லை, ஆகவே அது நீங்கள் இல்லை, சார், அது நான். எல்லாம் வரிசையாக வந்து உதட்டுக்குப் பின்னால் நின்றன. இதற்கு மேல் என்ன வேண்டும், செத்தவனைக் கொன்றவன் யாரென்று அந்த மனுஷன் தானே கண்டுபிடித்து, நல்லா ஓர்மிச்சு என்று தட்டில் வைத்து நீட்டுகிறார், ஆமா சார் நீண்டது என்ற மூன்று சொல், தெருமுனைக் குரலானாலும் போதும். ஆனால் தொண்டைக்கு அது எதுவும் கேட்கவில்லை. தொண்டைக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருந்தது: நீட்டுகிறாய். தப்பு. அசல் ஆளே வந்து, இரண்டு வெட்டுப்பட்ட கன்னத்தோடு, பக்கத்தில் நின்று தப்பு என்கிறார். இளவழகன் வாயைத் திறந்தான். எது வரப்போகிறதென்று அவனுக்கே தெரியாது என்று பிற்பாடு சொல்லிக்கொள்ளலாம். தெரியும்.

"ரெண்டு! ஒனக்கப் பொறத்தால ஆளு! எடத்த வெட்டுடே!"

அறுத்துப் போட்டது மாதிரி நின்றது.

"ஆ," என்றார் ஜெபமணி. தலையை மேலும் கீழுமாக ஆட்டினார், பல் பிடுங்கி முடித்த ஆள் மாதிரி. "நான்தான். நானேதான் மக்கா. அண்ணைக்கு இப்படியா சொன்னேன்?"

"இப்படித்தான் சார்."

"செரி. தீந்துது." காகிதத்தைப் பிரித்தார், சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார். "பேனா இருக்காடே?"

இளவழகனின் இடது கையில், உடுப்போடு தைத்த சின்னப் பையில், பேனா இருந்தது. எடுத்து மூடியைக் கழற்றிக் கொடுத்தான். குளிரில் மை இறங்கவில்லை. ஜெபமணி நிப்பை வாயருகே வைத்து ஊதிச் சூடாக்கிவிட்டு, விமானத்தின் தோளில் காகிதத்தை வைத்து, மூன்று நகலிலும் பேரை முழுசாக எழுதினார். ஒவ்வொன்றையும் ஊதி உலர்த்தினார். பேனாவை மூடி போட்டுத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா இருடே" என்றார், இரண்டு விரலால் அவன் தலைக்கவசத்தைத் தட்டினார், இறங்கினார். பளபளத்த பூட்ஸ் பனிக்குள் போனது, கொஞ்ச நேரம் சத்தம் மட்டும் போய்க்கொண்டிருந்தது, பிறகு அதுவும் இல்லை.

"சார்," என்றார் ஏகாம்பரம் கீழேயிருந்து, மெதுவாக, "அது அவரே பேசின மாதிரியே இருந்துச்சு சார்."

பதினொன்றுக்கு இன்னும் ஆறு நிமிஷம் இருந்தது. இளவழகன் உதட்டை அசைக்காமல், தொண்டைக்குள் மட்டும், கடைசித் துண்டை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தான். வெட்டுடே. இப்போது ஒரு குறையும் இல்லை.